இஸ்தான்புல் சந்தையில ஏலக்காயக் கீழ கொட்டுன கதை

ஒரு ஊருல போயி எறங்குன மொத நாளே உங்களுக்குக் கழுத்து சுளுக்கியிருக்கா? எனக்கு இஸ்தான்புல்லுல சுளுக்குச்சு. அங்க ஒரு பழைய கட்டடம், மொதல்ல சர்ச்சா இருந்து அப்புறம் மசூதி ஆனது. உள்ள போயி நிமிந்தா கூரை முடியவே மாட்டேங்குது. நான் போடிக்காரன். காலைல பல்லு வெளக்குறப்பவே எதிர்ல மலை நிக்கும். எதக் காமிச்சாலும் "எங்கூரு மலைக்கு முன்னாடி இதெல்லாம் சும்மா"ன்னு சலம்புற ஆளு. அன்னைக்கு வாயே தொறக்கல. கூட வந்தவன் காலேஜ் ரூம்மேட்டு, போடிக்குப் பக்கத்துல சிலமலைக்காரன். "என்ன மாப்ளே, சத்தத்தையே காணோம்?"னு கேட்டுட்டு அவனும் அண்ணாந்தபடியே பின்னால நடந்து ஒரு வெள்ளக்கார ஆத்தா மேல மோதிட்டான்.

நாலு நாளும் இதே கததான். அந்த ஊருல படகுலதான் ஆபீஸ் போறாங்க, நாம தேனி பஸ்சுல போற மாதிரி. இந்தக் கரை ஐரோப்பா, எதிர்க்கரை ஆசியா. நாங்க சும்மாவே ஆறு தடவ போயிட்டு வந்தோம். தரைக்கு அடியில ஒரு பழைய தண்ணித் தொட்டி, அதுக்குப் போயி நூத்துக்கணக்குல கல்தூணு! தண்ணிக்குள்ள முங்கப்போறதுக்கு எதுக்குடா இவ்வளவு அழகு? கட்டுனவனுகளக் கும்புடணும் போல இருந்துச்சு.

இதுக்கு நடுவுல எனக்கு ஒரு சோலி இருந்துச்சு. அப்பா குடுத்தது. குரங்கணி மலைக்கு மேல எங்களுக்குச் சின்னதா ஒரு ஏலக்காய்த் தோட்டம். கெளம்புறப்ப கொஞ்சம் காய பாக்கெட்டுல கட்டி பேக்குல திணிச்சாரு. "அங்க பெரிய மசாலா சந்தை இருக்காம்ல. நம்ம காயப் பத்தி என்ன சொல்றான்னு மட்டும் கேட்டுட்டு வா அப்பு." இத்தன வருசமா விக்கிறாரு, காய ஏலம் விடுற போடி ஏல சென்டரத் தாண்டி அவரு காய் எங்க போகுதுன்னு அவருக்கே தெரியாது.

கடைசி நாளு சந்தைக்குப் போனோம். வளைவு வளைவா கூரை, கலர் கலரா குவியல், வாசத்துலயே வயிறு ரொம்பிரும். ஒரு மீசைக்காரரு கடையில ஏலக்காய் இருந்துச்சு. ஒரு கை அள்ளுனேன், உருட்டிப் பார்த்தேன், ஒன்னக் கடிச்சேன், மீதியக் கீழ கொட்டிட்டேன்.

எங்கூரு ஏல சென்டர்ல அப்படித்தான். சாம்பிள் வரும், வியாபாரி கையில போட்டுப் பார்ப்பாரு, கீழ கொட்டிட்டு அடுத்ததுக்குப் போயிருவாரு. மத்தியானத்துக்கு மேல காய மிதிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும். அப்பாகூடப் போயி பார்த்துப் பார்த்து கை தானா கொட்டிருச்சு.

மீசைக்காரருக்கு மூஞ்சி செவந்துருச்சு. "புடிக்கலேன்னா வெச்சுட்டுப் போ! கீழயா போடுவ?"ன்னு அரைகுறை இங்கிலீசுல கத்துறாரு.

"இப்ப உங்கப்பா பாக்கெட்ட எடுத்த, நம்ம தலையிலதான் கொட்டுவாரு. வெரசா வா, ஓடிருவோம்"னு சிலமலைக்காரன் சட்டையப் புடிச்சு இழுக்குறான்.

ஓடலாம்தான். அப்பாட்ட என்னத்தச் சொல்ல? மண்டி போட்டு ஒவ்வொன்னா பொறுக்குனேன். அப்புறம் போன்ல இருந்த ஏல சென்டர் வீடியோவக் காமிச்சேன். தரையெல்லாம் பச்சக் காய், அது மேல செருப்புக் காலு. மனுசன் ரெண்டு தடவ பார்த்தாரு. பக்கத்துக் கடைக்காரரக் கூப்புட்டுக் காமிச்சாரு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

"உங்க ஊருல எல்லாருக்கும் பைத்தியமா?"

"ஆமாண்ணே"ன்னேன், தமிழ்லயே.

அந்தச் சிரிப்போட சிரிப்பா பாக்கெட்ட நீட்டுனேன். ஒன்ன உரிச்சு மோந்தாரு. சிரிப்பு நின்னுருச்சு. கடிச்சாரு, கண்ண மூடிக்கிட்டாரு. ஒரு கண்ணாடி ஜாடியக் காலி பண்ணி, தொடச்சு, அப்பா காய அதுல போட்டாரு.

அங்க நின்னே அப்பாவுக்குப் போன் அடிச்சேன்.

"என்னடா சொன்னான்?"

"ஒன்னும் சொல்லலப்பா. ஜாடியில போட்டு வெச்சுக்கிட்டாரு."

"எங்க வெச்சிருக்காரு?"

"வாசல்ல, முன்னாடி."

"ம்ம். சரி, போன வை."

நான் ஊரு திரும்பியாச்சு, இப்ப காய் எடுப்பு நடக்குது. அப்பா மேல தோட்டத்துலதான் இருக்காரு, நல்ல காயாப் பார்த்தா "இது ஜாடிக்கு"ன்னு தனியா எடுத்து வெக்கிறாரு.