சபாபதியின் முதல் முடி

அங்கம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். மலாயாவில், ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கங்காணியை எதிர்த்துப் பேசும் பொம்பளை அவள் ஒருத்திதான். அப்பேர்ப்பட்டவளை ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வாயடைத்து உட்காரவைத்தது, அவளுடைய நகங்களில் விழுந்த வெள்ளைக் கோடு.

1931ஆம் வருஷம். மகன் சபாபதி பிறந்து மூன்று மாதம் ஆனதும் அவளை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள். லாலாங் புல் இருக்கிறதே, வெட்டினாலும் முளைக்கும், கொளுத்தினாலும் முளைக்கும். அதை ஒழிக்கத் துரை ஆர்செனிக் விஷத்தைப் பீப்பாய் பீப்பாயாக இறக்கியிருந்தார். அடிப்பது ஆண்கள். தண்ணீர் சுமந்து வந்து கலக்குவது அங்கம்மா. கலக்கிய கையை முந்தானையில் ஒரு துடை துடைப்பாள். அதே கையால் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவி வாயில் அதக்கிக்கொள்வாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கை கழுவச் சொல்லித்தான் இருந்தார்கள். சோற்றுக்குக் கழுவினாள், தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வெற்றிலைக்கு எவளாவது கை கழுவுவாளா?

ஐந்தாவது வாரம் வாந்தியும் பேதியும் கண்டு படுத்தாள். எழுந்தபோது பாதம் மரத்துப்போயிருந்தது. பிறகு விரல் நுனிகள். அடுப்பில் கொதிக்கிற சட்டியைத் தொட்டால்கூடச் சுடவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் கிரகோரி நல்ல மனுஷர்தான், ஆனாலும் முதலில் கோட்டை விட்டார். தவிடு போகத் தீட்டிய அரிசிச் சோறு தின்று வரும் கால்வீக்க நோய் என்று நினைத்துத் தவிடு தின்னச் சொன்னார்.

"நான் என்ன மாடா?" என்று திட்டிக்கொண்டே ஒன்றரை மாதம் தின்றாள். ஒரு பயனும் இல்லை.

அப்புறம்தான் ஒரு நாள் அவள் கையைத் திருப்பிப் பார்த்த கிரகோரி அப்படியே நின்றுவிட்டார். எல்லா நகத்திலும் குறுக்கே ஒரே மாதிரி வெள்ளைக் கோடு.

"அங்கம்மா, இது புல்லு மருந்து. வாய் வழியாப் போயிருக்கு. குடல்ல இருந்து ரத்தத்துல கலந்து, ஈரல், நரம்புன்னு உடம்பு பூரா சுத்தியிருக்கு. முக்காவாசி மூத்திரத்துல போயிரும். மிச்சம் தோலு, நகம், முடி, இதுல போயி ஒக்காந்துக்கும்."

அங்கம்மா மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். ஆறு மாதப் பயல், அப்போதுதான் பால் குடித்து முடித்திருந்தான்.

"ரத்தத்துல இருந்தா, பால்ல?"

கிரகோரி பிள்ளையின் தலையைத் தடவிப் பார்த்தார். "தெரியலையேம்மா. இப்போதைக்கு டின் பால் குடு. புள்ளையோட முடிய சிங்கப்பூருக்கு அனுப்பிப் பாக்கலாம். அவன் ரத்தத்துல ஏறியிருந்தா முடியில தெரிஞ்சிரும். பிஞ்சு முடி, ஒரு கைப்பிடி தேறாது. மொத்தமும் வேணும்."

அங்கேதான் சிக்கல். அது அம்மனுக்கு நேர்ந்த முடி. பங்குனியில் மாரியம்மன் கோயிலில் இறக்குவதாக, பிரசவ வலியில் அவளே வாயால் சொன்னது. புருஷன் காளியப்பன் ஒரேயடியாக மறுத்தான்.

"சாமி முடிய அந்நியன் கையில குடுப்பியா? யாராச்சும் வச்சு ஏதாச்சும் பண்ணிட்டா?"

"பண்ண வேண்டியத நானே பண்ணிட்டனோன்னு இருக்குய்யா எனக்கு," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. காளியப்பன் எழுந்து நாவிதரிடம் சொல்லிவிட்டு வரப் போனான்.

மறுநாள் குளிப்பாட்டி, அம்மன் படத்துக்கு முன்னால் உட்காரவைத்து, காளியப்பன் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொள்ள, நாவிதர் மழித்தார். "கோவிச்சுக்காத ஆத்தா, அடுத்த முடி ஒனக்குத்தான்," என்று அங்கம்மா சத்தமாகவே சொன்னாள். பிள்ளையின் முடியும் அவள் கூந்தலில் ஒரு கற்றையும் தனித்தனிப் பொட்டலமாக ரெங்கத்தில் ரயிலேறின.

பதில் வர இருபத்து மூன்று நாள். டின் பால் சபாபதிக்கு ஒத்துக்கொள்ளவில்லை; வயிற்றுப்போக்கில் விலா எலும்பு தெரிந்தது. முலையை நினைத்து அவன் கத்துவான். இவள் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆனால் பால் வற்ற விடவில்லை. விரலுக்கு உணர்ச்சி இல்லாததால் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி, ஒரு நாளைக்கு நாலு வேளை பீச்சிக் குழியில் ஊற்றி மண்ணைத் தள்ளினாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்கள், "இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்றார்கள். ஆமாம், பிடித்துத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை பசியில் கத்தும்போது பாலை மண்ணுக்குக் கொடுத்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

கடிதத்தைக் கிரகோரியே எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடி வந்தார். "ஒன் முடியில நெறைய இருக்கு. புள்ள முடியில சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல. பால் குடும்மா!"

அங்கம்மா உள்ளே போய்ப் பிள்ளையை மார்பில் போட்டாள். அவனுக்கு மறந்துபோயிருந்தது. முகத்தைத் திருப்பினான். மறுபடி வைத்தாள், உதைத்து அழுதான். வாசலில் நின்ற காளியப்பன், "டின் பால் கரைக்கட்டுமா?" என்றான்.

"சும்மா இருய்யா!"

மூன்றாம் தடவை வாயைத் திறந்தவன், புதிதாக முளைத்திருந்த இரண்டு பற்களால் நறுக்கென்று கடித்தான். அவள் போட்ட சத்தத்தில் காளியப்பன் பதறி உள்ளே ஓடி வந்தான்.

"கடிச்சிட்டான்யா!" அங்கம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "வலிக்குதுய்யா, நல்லா வலிக்குது!"

பிள்ளை குடித்துக்கொண்டிருந்தான்.