பீம்ராவின் கியர் பாக்ஸ்

எம்.கே.பி. நகர் பீம்ராவுக்குச் சொந்தமாக ஒரு டிரெய்லர் லாரி உண்டு. ஓட்டுவதும் அவர்தான். துறைமுகத்தில் இறங்கும் கன்டெய்னர்களை ஏற்றிப் போய்ச் சேர்ப்பது தொழில். பல வருஷம் மார்க்கெட் லோடுதான் அடித்தார். அதாவது, காலையில் டோல்கேட் டீக்கடையில் போய் நிற்பது. புரோக்கர் ஹுமாயூன் அன்றைய ரேட்டைச் சொல்வான். பிடித்தால் வண்டியை எடுப்பது. சில நாள் நல்ல ரேட். சில நாள் டீ மட்டும்.

மனைவி மாயாவுக்கு இந்த டீ பிடிக்கவில்லை. மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி வருஷக் காண்ட்ராக்டுக்கு வண்டி தேடுவதாகக் கேள்விப்பட்டு, அவரைக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போடவைத்தாள். வருஷம் முழுக்க ஒரே ரேட். ஏறாது, இறங்காது. தினமும் லோடு நிச்சயம்.

அடுத்த மாதமே துறைமுகத்தில் கப்பல்கள் குவிந்தன. வண்டி போதவில்லை. மார்க்கெட் ரேட் இரண்டு மடங்கானது. ஹுமாயூன் விடாமல் போன் செய்தான்.

"மாமு, இன்னிக்கு ரேட்டு இன்னா தெரியுமா?"

"எனக்கு இன்னாத்துக்குடா சொல்ற?"

"சும்மாதான். தோஸ்தாச்சே."

பீம்ராவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் கம்பெனிக்குப் போன் செய்து, "கியர் பாக்ஸ் பூட்ச்சு, வண்டி வூட்டாண்ட நிக்குது" என்றார். சொல்லிவிட்டு, ஹுமாயூன் கொடுத்த லோடை எடுக்க எண்ணூர் துறைமுகத்துக்கு வண்டியை விட்டார்.

கம்பெனி நல்ல கம்பெனி. மதியமே திலீப் என்ற மெக்கானிக்கை ஸ்பேனர் பையோடு அவர் வீட்டுக்கு அனுப்பியது. மாயா கதவைத் திறந்தாள், விஷயத்தைக் கேட்டாள், புருஷனுக்குப் போன் போட்டாள்.

"கியர் பாக்ஸ் எங்கீது?"

"வண்டிலதான்."

"வண்டி எங்கீது?"

பீம்ராவ் துறைமுக வாசல்வரை நின்ற லாரி வரிசையைப் பார்த்தார். "எண்ணூர் கியூல."

மாயா போனைத் திலீப்பிடம் கொடுத்தாள்.

"அண்ணே, கியர் வுழுதா?"

"வுழுது நைனா. வண்டிதான் நகரல."

திலீப் பொய் சொல்லிப் பழகாதவன். வண்டி நகரவில்லை என்று மட்டும் கம்பெனியில் சொன்னான். அது உண்மை. வரிசை மறுநாள்தான் நகர்ந்தது. நின்ற நேரத்துக்கும் எரிந்த டீசலுக்கும் அந்த இரட்டிப்பு ரேட் சரியாய்ப் போயிற்று.

"நீயே போய்ச் சொல்லிடு" என்றாள் மாயா. போனார். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆலிஸ் மேடம் முன்னால் நின்று முழுவதையும் சொன்னார்.

"தெரியும்ணே" என்றார் ஆலிஸ். "ரேட்டு ஏறினா ஊர்ல எல்லா வண்டிக்கும் கியர் பாக்ஸ் பூடுது. எறங்கினா தானா சரியாயிடுது. மறுபடியும் போச்சுன்னா, நான் வேற வண்டி பாத்துக்கறேன்."

அவர் திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது பீம்ராவுக்கு.

மழைக்காலத்தில் ரேட் விழுந்தது. மற்ற டிரெய்லர்கள் சாலையோரம் வரிசையாக நின்றபோது, பீம்ராவ் அதே மணலி லோடை அதே ரேட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். ஒருவரிடமும் பெருமை பேசவில்லை. ஒரே ரோட்டில் தினமும் போய் வந்ததில் பேச விஷயமும் இல்லை.

வருஷ முடிவில் காண்ட்ராக்டைப் புதுப்பிக்கக் கூப்பிட்டார்கள். பீம்ராவ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: ஞாயிற்றுக்கிழமை வண்டி தன் இஷ்டம், மார்க்கெட் லோடு அடித்துக்கொள்வார். ஆலிஸ் ஒத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு ஹுமாயூன் போன் செய்தான், நல்ல ரேட் இருப்பதாக. மாயாதான் எடுத்தாள்.

"அவுரு தூங்கினுகீறாரு" என்றாள்.