இரண்டு மிதி, ஒரு தட்டு

பக்கவாதம் வந்த காலையில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். வலது கையிலிருந்து ரேசர் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. எடுக்கப் போனேன், கை வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவளுடைய பெயருக்குப் பதிலாக வாயிலிருந்து "சரி" என்று வந்தது. எதற்குச் சரி என்று கேட்டுக்கொண்டே குசினியிலிருந்து வந்தவள், கோணியிருந்த என் வாயைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டுக்காரரின் ஆட்டோவில், கன்னத்தில் காய்ந்த நுரையோடு, தன்னாமுனையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

உயிர் தப்பிவிட்டது. பொல்லை ஊன்றிக்கொண்டு நடக்கவும் சில வாரங்களில் பழகிவிட்டேன். பேச்சு மட்டும் திரும்பவில்லை. மற்றவர்கள் சொல்வது எல்லாம் விளங்கும். சொல்ல வேண்டிய வசனமும் மனதுக்குள் முழுதாக நிற்கும். வாய்க்கு வரும்போது அது "சரி" ஆகிவிடும். நோகிறதா என்றால் சரி. சோறு போடட்டுமா என்றால் சரி. வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே சரி சொல்வேன். கேட்பவர்கள் தலையைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் கேட்பார்கள். என் மைத்துனி ஒருத்தி, நோய் வருத்தம் வந்த பிறகு மனிசன் நல்ல அமைதியாகிவிட்டார் என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஏறாவூரைச் சேர்ந்த இளம் பெண். பேச்சை மூளையின் ஒரு பக்கமும் பாட்டைப் பெரும்பாலும் மறுபக்கமும் பார்த்துக்கொள்கின்றன, பேச முடியாத சிலர் பாடுவார்கள், மனதில் ஊறிய பாட்டு எதுவென்று கண்டுபிடியுங்கள் என்று என் மனைவியிடம் சொன்னார். அவள் சந்தேகமே இல்லாமல் மாதா கோயில் பாட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். முப்பது வருடமாக ஞாயிறு தவறாமல் அவள் பக்கத்தில் நின்று பாடியவன் அல்லவா நான். ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டினாள். ஒரு சொல்கூட எனக்கு வரவில்லை. இத்தனை காலமும் நான் வாயை மட்டும்தான் அசைத்திருக்கிறேன் என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கிவிட்டது. புத்தகத்தை மூடிவைத்து, "அப்ப உங்களுக்கு ஊறினது எதுதான்?" என்று கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கவில்லை.

அதை அறிந்தவன் காத்தான்குடியில் இருந்தான்.

நானும் அவனும் புளியந்தீவுப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அங்கே கூடைப்பந்து பழக்கிய அமெரிக்கப் பாதிரியார் ஒருவரிடம் ஒரு றெக்கோட் பிளேயர் இருந்தது. சனிக்கிழமை விளையாட்டு முடிந்தால், வியர்வை காயும்வரை இருந்து கேட்கலாம். மற்றப் பிள்ளைகள் வியர்வை காயுமுன்னே போய்விடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் ராக் பாட்டுகளுக்காகவே இருந்தோம். பாட்டு முடிந்ததும் அது எப்படிப் பிறந்தது என்று பாதிரியார் சொல்லுவார். எனக்குப் பாட்டுப் பிடித்தது, என் கூட்டாளிக்கு அந்தக் கதைகள் பிடித்தன. ஒலிபெருக்கியின் தாளைப் பிளேடால் கீறிக் கரகரப்பான சத்தத்தை உண்டாக்கிய ஒரு குழுவைப் பற்றிக் கேட்ட அன்றே அவன் வீட்டுக்குப் போய்த் தன் வானொலிப் பெட்டியின் தாளைக் கீறினான். கரகரப்பும் வரவில்லை, செய்தியும் வரவில்லை.

பிறகு நாட்டில் கெட்ட காலம் வந்தது. என்னுடையது தமிழ் ஊர், அவனுடையது முஸ்லிம் ஊர். என் ஊர்க்காரர் அவன் ஊருக்குப் போகாத, அவன் ஊர்க்காரர் என் ஊருக்கு வராத வருடங்கள் அவை. இரண்டு பக்கமும் சாவு விழுந்தது. அவன் கட்டாருக்குப் போய், ஒரு பெரிய ஹோட்டலில் மைக்கும் ஒலிபெருக்கியும் பூட்டும் வேலையில் சேர்ந்தான். அங்கிருந்து வருபவர்கள் யாரிடமாவது எனக்கு ஒலிநாடா கொடுத்தனுப்புவான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வானொலி அறிவிப்பாளர் மாதிரி அவனே அதன் கதையைச் சொல்லியிருப்பான். "இப்ப வாற பாட்டுக்கு ஒரு கதை இரிக்கி மச்சான்" என்று தொடங்குவான். ஊரில் நடந்த எதையும் அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை. கூட்டாளிகளாகவே இருக்க அந்த ஒலிநாடாக்கள் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

என் வருத்தத்தை அவன் பிந்தித்தான் கேள்விப்பட்டான். மின்சாமான் கடையை மகனிடம் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்து, டவுனுக்குள்ளால் தன்னாமுனைக்கு வந்தான். கதிரையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீ ஒண்டும் பேச வேணாம். நான் பேசிறன், கேட்டுக்கிட்டு இரி" என்றான். அன்று தொடக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து, பாதிரியார் சொன்ன கதைகளையும் தானாகத் தேடிப் படித்த கதைகளையும் சொல்லிப் பாட்டுகளைப் போட்டுக் காட்டினான். என் மனைவிக்கு அந்தச் சத்தம் தகரத்தில் கல் எறிவது போல. ஆனாலும் அவனுக்குத் தேத்தண்ணீர் ஊற்றத் தவறவில்லை.

ஒருநாள் அவன் சொன்ன கதை இது. ஒரு குழு மேடையை விட்டு இறங்கிய பிறகும் கூட்டம் கலையாமல் நின்று தானாகவே பாடியதாம். இவ்வளவு சனத்தையும் பாட்டுக்குள் எடுக்க என்ன வழி என்று கிட்டார்காரர் யோசித்தார். நெரிசலில் நிற்பவர்களால் என்ன செய்ய முடியும்? காலால் மிதிக்கலாம், கையால் தட்டலாம். பழைய பலகைகளில் எல்லாருமாக ஏறி மிதித்து அதைப் பதிவு செய்தார்களாம். மேளமே கிடையாது. சொல்லிக்கொண்டே அவன் எங்கள் சீமெந்துத் தரையில் இரண்டு தரம் மிதித்து ஒரு தரம் கை தட்டினான். திரும்பவும் இரண்டு மிதி, ஒரு தட்டு.

என் இடது கால் தானாக மிதித்தது. இடது கை தொடையில் தட்டியது. அவன் கதையை நிறுத்திவிட்டு மிதிப்பதை மட்டும் தொடர்ந்தான். பல்லவி வரவேண்டிய இடம் வந்தபோது என் வாயிலிருந்து அந்த ஆங்கிலச் சொற்கள் முழுதாக, ஒன்றுகூட உடையாமல் வெளியே வந்தன. சுருதி மட்டும் பிசகியது. அது முன்பும் பிசகியதுதான்.

கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த மனைவி, வானொலி என்று நினைத்து உள்ளே வந்தாள். யார் பாடினது என்று கேட்டாள். அவன் என்னைக் காட்டினான். அவள் ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "திரும்பப் பாடுங்க" என்றாள். பாடினேன். மூன்று பேரும் அழுதோம். அவன் அழுததாக இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை.

பயிற்சிப் பெண்ணுக்கு அந்த மிதியும் தட்டும் போதுமாக இருந்தது. அதே தாளத்தில் தமிழ்ச் சொற்களை ஏற்றிக் கொடுத்தார். எனக்குத் தண்ணி வேணும். கால் நோகுது. ஃபேனைப் போடுங்க. தொடையில் தட்டித் தட்டி நான் அவற்றைப் பாடினேன். சில வாரங்கள் எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் கேட்பதும் ஒரு விளையாட்டரங்கையே எழுப்புகிற ஆர்ப்பாட்டத்தோடுதான் நடந்தது. மனைவி அந்தத் தாளத்தை என்னிலும் விரைவாகப் பிடித்துக்கொண்டாள். குசினிக்குள் இரண்டு தரம் மிதித்துச் சட்டியில் ஒரு தரம் தட்டினால் சோறு ரெடி என்று அர்த்தம். இத்தனை நாளும் அந்த இசையைத் திட்டியவள், எனக்காக அதைத் தன் காலில் ஏற்றிக்கொண்டாள். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் அதெல்லாம் பாட்டு. தாளம் இல்லாமல் ஒரு சொல் பேச எனக்கு அப்போதும் வரவில்லை, அந்தப் பழைய "சரி"யைத் தவிர.

ஒரு பின்னேரம் வீட்டுக்குப் பின்னால், வாவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கூட்டாளி தீப்பிடித்த மண்டபத்தின் கதையைத் தொடங்கினான். வெளிநாட்டு ஊரொன்றில் பாட்டுப் பதிய வந்த குழு. அவர்கள் பதிய இருந்த மண்டபம் எரிகிறது. தண்ணீருக்கு மேலால் புகை பரவுவதை ஜன்னலால் பார்த்து அதையே பாட்டாக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை அது. கட்டாரிலிருந்து வந்த முதல் ஒலிநாடாவிலேயே இருந்தது. அதில் அவன், நம்முடைய வாவி மாதிரி ஒரு தண்ணீர் என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு சொல்லுக்காகவே சுருள் தேயத் தேயக் கேட்டிருக்கிறேன். இப்போது அவன், "அந்தக் கடற்கரையில தீப்பிடிச்சு..." என்றான்.

"இல்ல" என்றேன்.

அவன் நிறுத்தினான். "என்ன இல்ல?"

சொற்கள் ஒவ்வொன்றாக, சேற்றிலிருந்து காலை எடுப்பது போல வந்தன. "கடல் இல்ல. வாவி."

"கடல்தான் மச்சான். எனக்குத் தெரியாதா?"

"வாவி."

தொடையில் தட்டவில்லை. காலும் மிதிக்கவில்லை. வேலியோரம் நின்ற மனைவி ஓடிவந்தாள். அவனோ நான் பேசியதைக் கவனிக்கவே இல்லை. தன் கதையில் பிழை பிடித்தேன் என்ற கோபத்தில் கைபேசியை எடுத்துத் தேடத் தொடங்கினான். ஏரி என்றுதான் அதில் இருந்தது. கைபேசிக்காரர்கள் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்றான். அதன் பிறகுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நெடுநேரம் வேறெங்கும் பார்க்கவில்லை.

எனக்குத் திரும்பக் கிடைத்த முதல் பேச்சு ஒரு மறுப்பு. நோயாளி என்பவன் எல்லாவற்றுக்கும் சரி சொல்கிறவன். போர்வை போர்த்தினால் சரி, ஃபேனை நிறுத்தினால் சரி. "இல்ல" என்றதும் நான் மறுபடி வீட்டில் ஒரு ஆளானேன். அடுத்த நாள் காலை இன்னும் இரண்டு இடியப்பம் வைக்கட்டுமா என்று மனைவி கேட்க, இல்லை என்றேன். வேண்டாம் என்றதற்காக அவள் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் முன்பு கண்டதில்லை.

பேச்சு மெல்ல மெல்லக் கூடியது. இப்போதும் நீண்ட சொற்களில் தடக்குவேன், களைத்தால் பெயர்கள் மறையும். போன வருடம் பயிற்சிப் பெண் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். வாகரைப் பக்கத்து மீனவர் ஒருவருக்கும் என் மாதிரியே நடந்திருந்தது. அவருடைய தங்கை கூட இருந்தார். சினிமாப் பாட்டுகளைப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒன்றும் அசையவில்லை. என் கூட்டாளி எங்கள் தாளத்தை மிதித்துக் காட்டினான். அந்த மனிதர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அவர் கரைவலை இழுப்பவரா என்று தங்கையிடம் கேட்டேன். ஓம் என்றார். அப்படியென்றால் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா அவருக்குத் தெரியும்தானே என்றேன். தங்கை கூச்சப்பட்டார். பொம்பிளைகளுக்கு முன்னால் சொல்லக்கூடாத சொல்லெல்லாம் அதில் வரும் என்றார். பயிற்சிப் பெண் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தங்கை தாழ்ந்த குரலில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தார். மீனவரின் இடது கை, இல்லாத கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தது. இரண்டாவது அடி அவரிடமிருந்து வந்தது, உரக்க, வெளி விறாந்தைக்கும் கேட்கும்படி. சொல்லக்கூடாத அடிதான். தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். ஜன்னலைப் பார்த்து நின்றவரின் தோளும் குலுங்கியது.

கூட்டாளிக்குக் கதை இல்லாமல் பாட்டு இறங்காது. அதைக் கட்டியது யார், எப்போது என்று கேட்டான்.

"ஆருக்குத் தெரியும் அண்ணா" என்றார் தங்கை. "வலை பாரமெண்டா பாடுவாங்க."

அவன் தலையை ஆட்டினான். அவன் மேலே கேள்வி கேட்காமல் விட்ட ஒரே கதை அதுதான் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து ஆஸ்பத்திரிக் கன்ரீனில் உட்கார்ந்தோம். எங்களுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தச் சொல்லே எனக்கு வாயில் சிக்கும். இருந்தாலும் அன்றைக்குச் சொல்லவேண்டும் போலிருந்தது. "நீ வந்தியே" என்றேன். "அந்த நேரம் பாலம் கடந்து வந்தியே."

அவன் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தான். "வராம?" என்றான். பிறகு என் கோப்பையைப் பார்த்து, சீனி போட்டிருக்கிறார்களா என்று கன்ரீன்காரரிடம் கேட்கப் போனான்.