முச்சந்தி மண்ணில் வெள்ளி

விழுப்புரத்தை விட்டுத் திண்டிவனம் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகையில் வேலை செய்ததில் வயிறு முறுக்கத் தொடங்கியது; வேலையை விட்டுவிட்டேன். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. மேடு வந்தால் சீட்டு வாங்கியவர்கள் இறங்கித் தள்ளினார்கள். ஆகவே நடந்து போனவனுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

விக்கிரவாண்டியில் சாலை பிரியும் இடத்தில், பஸ் நிற்கும் புளியமரத்துக்கு எதிரே, ஓர் அம்மாள் கேப்பைக் கூழ் விற்று வந்தார். சாயங்காலம் பசியோடு போய் நின்றேன். கூழ் இல்லை, அழுகைதான் நடந்துகொண்டிருந்தது. அவருடைய ஒரே பசு சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது. புல்லைத் தொடவில்லை. கூழில் ஊற்றும் மோர் அதனுடையது. மாடு போனால் கடையும் போயிற்று.

பக்கத்து இட்லிக் கடைக்காரரைக் காட்டி, "எல்லாம் இந்தக் கொள்ளிக்கண்ணன் வேலை!" என்றார்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? மாடு நல்லா கீதேன்னு ஒரு வார்த்த சொன்னேன்."

"அந்த ஒரு வார்த்த போதாதாய்யா?"

திருஷ்டி கழிக்க முச்சந்தி மண் வேண்டும். அம்மாள் புளியமரத்தடியில் இரண்டு கை மண் அள்ளி வந்தார். மிளகாயும் உப்பும் சேர்த்துப் பசுவைச் சுற்றினார். சுற்றி முடித்ததும் மாடு துப்ப வேண்டும். அது துப்பாது என்பதால் அதன் சார்பில் தாமே துப்பிவிட்டு எல்லாவற்றையும் அடுப்பில் கொட்டினார். நெடி வராவிட்டால் திருஷ்டி உண்டு என்பது கணக்கு. நெடி வந்தது, தெருவே இருமியது.

"பாத்தியா, நெடி வந்துடுச்சு! நான் யோக்கியன்!" என்று இட்லிக்காரர் இருமிக்கொண்டே குதித்தார்.

தணல் அடங்கியதும் அம்மாள் சாம்பலைக் கிளறினார். பளபளவென்று நாலைந்து வெள்ளி முத்துகள் உருண்டன.

"ஐயோ, திருஷ்டி உருகி வந்துடுச்சு!"

இட்லிக்காரர் ஒரே நொடியில் கட்சி மாறினார். "எம்மா, அது என் கண்ணுலேருந்து வந்த சரக்கு. எனக்குத்தான் சொந்தம்."

"இப்பத்தான் யோக்கியன்னியே?"

"யோக்கியன் கண்ணுலதாம்மா வெள்ளி இருக்கும்!"

எனக்குச் சந்தேகம். ஒரு முத்து ஆறியதும் நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழுந்தது. சுவரில் இழுத்தேன், பென்சில் கோடு போல விழுந்தது. "ஈயம்" என்றேன்.

இட்லிக்காரர் முகம் தொங்கிவிட்டது. "அப்போ என் கண்ணு?"

"வெறுங்கண்ணுதான்யா, போ," என்ற அம்மாள் என் பக்கம் திரும்பினார். "மண்ணுல ஏது தம்பி ஈயம்?"

விளக்கை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனோம். பஸ்காரர்கள் பழைய பேட்டரிகளை அங்கேதான் கழுவிக் கொட்டியிருந்தார்கள். கறுப்புச் சேறும் உடைந்த தகடுகளும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. மாட்டைக் கட்டும் முளையும் அங்கேயே இருந்தது. சுற்றிலும் மண்ணை நாக்கால் வழித்த தடம்.

அம்மாள் தலையில் கை வைத்தார். "தெனமும் நக்கிக்கினே இருந்துச்சுப்பா. உப்பு மண்ணு, ஒடம்புக்கு நல்லதுன்னு நானும் வுட்டுட்டேனே!"

ஈயம் உள்ளே போனால் விஷம் என்று, கொட்டகையில் என் வயிறு முறுக்கிய கதையைச் சொன்னேன். மாட்டை உடனே கடைக்குப் பின்னால் இழுத்துக் கட்டினோம். விடியும்வரை அம்மாள் கஞ்சித்தண்ணீரோடு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காலையில் பசு சுவரை விட்டு விலகி நின்றது. இட்லிக்காரர் அரிசி கழுநீர் கொண்டு வந்தார். மாட்டைப் பார்க்கக் கூடாதென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததில் பாதியை என் காலில் ஊற்றினார். மீதியைப் பசு உறிஞ்சியது. அம்மாள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடியும் அழுதார்.

பிறகு என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார். மரத்தடி மண்ணை ஒரு முழம் வெட்டி, மேட்டில் குழி தோண்டிப் புதைத்து, மேலே முள் அடைக்க வேண்டும். கூலி இரண்டு வேளைக் கூழ். மாடு தேறும்வரை மோர் கேட்கக் கூடாது என்றார். சரியென்று குனிந்து வெட்ட ஆரம்பித்தேன்.