விளக்கு அணையும்வரை பேன் கிடையாது

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில், லேசர் மெஷினில் பெயர்ப்பலகை வெட்டித் தரும் கடையில் வேலை பார்த்தேன். கெமிஸ்ட்ரி படித்தவளுக்கு அப்போது வாய்த்தது அதுதான். நகரத்தின் விளிம்பில், கழக்கூட்டம் என்ற ஊரில் முளைத்த பிளாட்டுகளுக்கெல்லாம் கதவெண் வெட்டிக் கொடுத்தவள் நான்.

முதலாளி மலையாளி. தங்கமான மனிதர், புத்திக்கு மட்டும் வருடம் முழுக்க லீவு. கடை திறந்ததும் சாமி படத்தின் முன்னால் விளக்கு ஏற்றுவார். அதில் எனக்கொன்றும் இல்லை. ஆனால் மெஷின் புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் பேன் அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பேன் போட்டால் விளக்கு அணையும். அணைந்தால் அபசகுனம். ஆகவே எண்ணெய் தீர்ந்து விளக்கு தானாக அணையும்வரை பேன் கிடையாது. எண்ணெயையோ மனிதர் தாராளமாக ஊற்றுவார். படத்தை எதிர்ச்சுவருக்கு மாற்றலாமே என்றால், வாஸ்து பார்த்து மாட்டியதாம்.

அக்ரிலிக், பிளைவுட் வெட்டும்வரை இருமலோடு போயிற்று. டிசம்பர் மாதம் ஒரு கிறிஸ்துமஸ் ஆர்டருக்காக வெள்ளை பி.வி.சி. போர்டு கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. பி.வி.சி.யை லேசரில் சுட்டால் ஆசிட் வாயு வரும். மெஷினையும் அரிக்கும், தொண்டையையும் அரிக்கும். மெஷின் அவருடையது, தொண்டை என்னுடையது. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் வருடக்கணக்காகப் பின்வரிசையில் நின்ற எனக்கு அந்தக் கிறிஸ்துமஸுக்குத்தான் முதல்முறையாகத் தனிப்பாட்டு கொடுத்திருந்தார்கள்.

"சாரே, இத லேசர்ல வெட்டப்பிடாது. விஷ கேஸ் வரும்."

"ஒரு கொழப்பமும் இல்ல மோளே. அக்ரிலிக்கும் பிளாஸ்டிக், இதும் பிளாஸ்டிக் தன்னே."

"சுண்ணாம்பும் வெள்ளை, அரிசி மாவும் வெள்ளை. சுண்ணாம்புல தோசை சுடுவீங்களா சாரே?"

சிரித்தார். போர்டை எடுத்து மோந்து பார்த்து, "மணம் ஒண்ணும் இல்லல்லோ" என்றார். அவருடைய ஆராய்ச்சிக்கூடம் அந்த மூக்குதான். நான் தொடமாட்டேன் என்று கம்ப்யூட்டர் பக்கம் போய் உட்கார்ந்தேன். அவரே மெஷினை ஓட்டினார். விளக்கு நின்று எரிந்தது, பேன் ஓடவில்லை. ஒரே அறைதானே, எங்கே ஓடி ஒளிவது?

மறுநாள் காலை எனக்குக் குரல் கம்மிவிட்டது. மெஷினில் லேசர் முனை ஓடும் பளபளத்த தண்டவாளத்தில் துரு பூத்திருந்தது.

"கடல் காத்து மோளே" என்றார், தானும் இருமிக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு செம்புக் கம்பியைச் சுத்தமாகச் சுரண்டி, அவருடைய சாமி விளக்கிலேயே பழுக்கக் காய்ச்சினேன். அதைப் போர்டில் அழுத்தி, மறுபடி தீயில் காட்டினேன். தீ பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படித்தான் எரியும்.

"பாத்தீங்களா சாரே, இதுதான் அந்த..."

அவர் எங்கே கேட்டார்? முகம் வெளுத்து, கைகூப்பி, "என்டெ தேவீ" என்று நின்றுவிட்டார். மதியத்துக்குள் போர்டு அத்தனையும் திரும்பிப் போயிற்று. வாஸ்துவாவது ஒன்றாவது, படம் எதிர்ச்சுவருக்கு மாறியது. அடுத்த நாளிலிருந்து பேன் கடை திறந்ததுமே ஓடியது. தேவி தீயின் நிறத்தை மாற்றித் தன்னை எச்சரித்தாள் என்று சந்து முழுக்கச் சொன்னார். அந்தக் கதையில் கம்பியும் இல்லை, கம்பி பிடித்த கையும் இல்லை. பக்கத்து டீக்கடைக்காரர் வந்து விளக்கைக் கும்பிட்டுவிட்டுப் போனார். சிரிப்பதா, அந்தக் கம்பியாலேயே நாலு போடுவதா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது, குரல் வரவில்லை. என் தனிப்பாட்டை வேறொருத்தி பாடினாள். நான் பழையபடி பின்வரிசையில் நின்று உதட்டை மட்டும் அசைத்தேன். அழுகை முட்டியது. அதையும் சத்தமில்லாமல்தான் அழ வேண்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும், பாட்டுக் கேட்கக் குடும்பத்தோடு வந்திருந்த முதலாளி என்னிடம் வந்தார். கையில் கேக் துண்டு.

"மோளே, பாட்டு அசலாயிருந்து. அத்தனை பேருக்கு நடுவிலயும் உன் சத்தம் மட்டும் எனக்குத் தனியா கேட்டு."

கேக்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.