மாமாவின் இலையில் ஒரு பிராந்தி பாட்டில்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் தெருக் கடைசி வீட்டு டீச்சரம்மாவின் கறிவேப்பிலை மரம் கடந்த சில வாரங்களாகப் பூரண நலத்துடன் இருக்கிறது. கொப்பு ஒடியவில்லை, கொழுந்து குறையவில்லை. காரணம், அதைத் திருடிவந்த இருவர் கும்பலில் ஒருவர் செத்துப்போனார். மற்றவர் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

செத்துப்போனவர் செல்வராசு மாமா, என் அம்மாவின் தம்பி. கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். அன்று மத்தியானம் ஜீப் ஸ்டாண்டு அண்ணன் ஒருவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, ஒங்க மாமா மலைமேல மெட்டு ரோட்டுல வண்டிய ஓரங்கட்டிட்டு அப்படியே ஸ்டியரிங்ல சாஞ்சுட்டாகப்பா. போயிட்டாக" என்றார். நான் சிரித்தேன். "போன அவர்ட்ட குடுங்கண்ணே, நடிப்பு பத்தலைன்னு சொல்லணும்" என்றேன். முந்தைய மாதம்தான் நானும் மாமாவும் சேர்ந்து அதே அண்ணனை, "ஒங்க வண்டி டயரை யாரோ கழட்டுறாக" என்று சொல்லி, குளித்துக்கொண்டிருந்தவரைச் சோப்பு நுரையோடு தெருவில் ஓடவைத்திருந்தோம். பழி வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் அழ ஆரம்பித்த பிறகும், பரவாயில்லை, நடிப்பில் தேறிவிட்டார் என்றே நினைத்தேன்.

மாமாவைத் தெரிந்தவர்களே, இது உருகி உருகி எழுதும் அஞ்சலி இல்லை. எனக்கு உருக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது.

முதல் எரிச்சல், பஸ் ஸ்டாண்டு பக்கம் நீங்கள் வைத்த ஃப்ளெக்ஸ் மேல். மாமாவின் தலைக்குக் கீழே கோட்டும் டையும் போட்ட ஓர் உடம்பு. யாருடைய உடம்பு அது? மாமாவுக்கு இருந்ததே காக்கிச் சட்டையும் மஞ்சள் தூள் கறை படிந்த கைலியும்தான். கீழே "ரோட்டில் புலி, வீட்டில் சிங்கம்" என்று ஒரு வரி வேறு. பூனை என்று போட்டிருந்தாலாவது பொருந்தியிருக்கும். அடுப்பில் பாலை வைத்தால் பக்கத்தை விட்டு நகராத மனிதர் அவர்.

ஆமாம், வீட்டில் மாமாதான் சமைப்பார். அத்தை ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். ஒன்பது மணிக்குத்தான் ஷட்டர் இறங்கும். மாமா ஐந்து மணிக்கே ஜீப்பை நிறுத்திவிடுவார். முதலில் வீட்டுக்கு வருகிறவர் அடுப்பைப் பற்றவைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் நம் சொந்தக்காரர்களுக்கு இது உலக அதிசயம். மாமாவின் பெரியப்பா மகன் இருக்கிறாரே, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அவர் வைத்த பெயர்தான் 'கரண்டி'. ஒரு காதுகுத்து விருந்தில் ஊரே இருக்கும்போது, "என்னடா கரண்டி, சேலை ஒண்ணு எடுத்துத் தரவா?" என்று கேட்டார். மாமா குழம்பைக் கிண்டிக்கொண்டே, "சேலை வேணாம்ண்ணே, முந்தானையில தீப்பிடிச்சுரும். கைலியே வசதி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மாமா மூன்றாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு சிரித்தார். தின்ற வாயும் அதுதான், நக்கலடித்த வாயும் அதுதான்.

மாமா சமைத்ததில் தலையாயது திராட்சைக்காய்க் குழம்பு. திராட்சைத் தோட்டங்களில் குலையைக் கழித்துவிடும்போது கீழே விழும் பழுக்காத பச்சைக்காயைப் பையில் அள்ளி வருவார். புளி கிடையாது. காயை உரலில் ஒரு தட்டுத் தட்டி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் போட்டு, மல்லித்தூள் கூட, மிளகாய்த்தூள் குறைய. இறக்கும்போது கொட்டைப்பாக்கு அளவு கருப்பட்டி. மேலே திருட்டுக் கறிவேப்பிலை. "புளிப்பு கண்ணச் சிமிட்ட வைக்கணும்டா, கலங்க வைக்கக் கூடாது" என்பார். பதம் பார்க்கும் பதவி எனக்குத்தான். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "சொல்லுங்க நீதிபதி" என்பார். வேறு எவரிடமும் அவர் கேட்டதில்லை. மாமாவைப் பற்றித் தலைகீழாகக் கேட்டாலும் சொல்லுவேன் என்று நான் சொல்லிக்கொண்டு திரிவது இந்த உரிமையில்தான்.

இப்போது பதினாறாம் நாளுக்கு வருகிறேன். படையல் இலையில் செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். புரோட்டா வந்தது, கோழி வந்தது. பின்னாலேயே ஒரு பிராந்தி பாட்டிலும் சிகரெட் பாக்கெட்டும் வந்தன. வைத்தவர் பெரிய மாமா.

"மாமா குடிச்சு நீங்க பாத்திருக்கீகளா?" என்று கேட்டேன்.

"ஆம்பளைக்குப் படைக்கிறோம்டா. பாட்டில் இல்லாம இருந்தா ஊரு என்ன சொல்லும்?"

"அவரு தொட்டதே இல்ல."

"தொடலேன்னா? ஆசை இருந்திருக்கும்ல?"

"அப்படிப் பாத்தா ஒங்க இலையில நாளைக்கு எம்.எல்.ஏ. சீட்டுல்ல வைக்கணும்."

அம்மா என் பிடரியில் ஒன்று போட்டாள். "பெரியவுககிட்ட என்ன பேச்சுடா இது?" நான் விடவில்லை. உயிரோடு இருந்தபோது கரண்டி பிடித்ததற்காகச் சேலை கட்டச் சொன்னீர்கள், செத்த பிறகு கோட்டு மாட்டிவிட்டீர்கள், கடைசிச் சாப்பாட்டிலும் அவரைக் குடிகாரனாக்கித்தான் ஆம்பளையாக்க வேண்டுமா என்று கத்தினேன். "அவருக்குப் பிடிச்சது திராட்சைக்காய்க் குழம்பு. ஒங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் வைக்கிறேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த அத்தை அன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தார். "அந்தப் பாட்டில எடுங்க. அவன் வைக்கட்டும்."

வைத்தேன். மாமா வைத்த அதே சட்டியில், அதே பதத்தில். இலையில் கோழியை ஓரங்கட்டிவிட்டு நடுவில் ஊற்றினேன். பாட்டில் மாடிக்குப் போனது. திரும்பி இறங்கவில்லை. பெரிய மாமா மட்டும் இறங்கி வந்து, "உப்பு தூக்கல்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தி பரிமாறினேன்.

இதோடு முடித்தால் எனக்கு மரியாதை. ஆனால் சாயங்காலம் அத்தை பின்கட்டிலிருந்து கூப்பிட்டார். "ஏலே, இங்கன வா."

"குழம்பு எப்படி அத்தை?"

"நல்லாத்தேன் இருந்துச்சு. ஆனா ஒங்க மாமாவுக்கு அது ஆகாதுடா. ஒரு வாய் வச்சா பல்லு கூசி, தண்ணிகூடக் குடிக்க மாட்டாக. ஒனக்குப் பிடிக்குமேன்னுதேன் காய் பொறுக்கிட்டு வருவாக."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"அம்புட்டுப் பேரு முன்னால ஒன்னைய விட்டுக்குடுக்கவா?"

"அப்ப அவருக்கு என்னதான் பிடிக்கும்?"

அத்தை சட்டியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். "நான் கிண்டுற உப்புமா. கடை லீவுன்னா அதத்தேன் கேப்பாக. கட்டி கட்டியா இருக்கும், அதையும் வழிச்சுத் தின்பாக. படையல்ல போயி யாராச்சும் உப்புமா வைப்பாகளா? அதேன் பேசாம இருந்துட்டேன்."

ஆகவே பெரியோர்களே, தனக்குப் பிடித்த பாட்டிலைத் தம்பி இலையில் வைத்த பெரிய மாமாவை இத்தனை நேரம் வறுத்தெடுத்த நான், எனக்குப் பிடித்த குழம்பைத்தான் மாமா இலையில் ஊற்றியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து அந்த அடுப்படியில் தின்றவன், "நீங்க சாப்பிட்டீகளா மாமா" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவரிடமிருந்து என் கையில் தங்கியிருப்பது ஒரே ஒரு குழம்பு. அதுவும் எனக்காக வைத்தது. பெரிய மாமா இதைப் படித்ததும் நிச்சயம் போன் செய்து, "நீயும் அதத்தானடா செஞ்ச?" என்று சிரிப்பார். எடுத்து, "ஆமா மாமா" என்று சொல்லத்தான் வேண்டும்.