இரண்டும் இடது இறக்கை

கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

சந்தாபுராவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரிமோட் விமானம் கட்டுகிறேன். இன்று மேசையைத் திருப்பித் தருவதாக மனைவி ராணிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

காலையில் இரண்டாவது இறக்கையிலும் பசை காய்ந்தது. பெருமையோடு பொருத்திப் பார்த்தேன். ஒன்று முன்னால் பார்த்தது, மற்றது பின்னால் பார்த்தது.

ராணி தட்டோடு வந்து நின்றாள்.

“ஏங்க, ஒண்ணு போவுது, ஒண்ணு வருதே?”

அப்போதுதான் புரிந்தது. இடது இறக்கையின் வரைபடத்தின் மேலேயே இரண்டையும் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

“கவலைப்படாதே. ரெண்டு வலது செஞ்சா ரெண்டு விமானம் ஆயிடும்.”

“ஐயோ சாமி! அப்ப நாம எங்க சாப்பிடறது?”

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

வலது இறக்கை காய்ந்ததும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் விருந்துக்கு வருகிறவர்கள் பாய் கொண்டுவாருங்கள்.